வட்டாரம் மாறலாம், மக்கள் வெளியேற வேண்டுமா? போஸ்டனில் நிலத்தைக் கையில் எடுத்த குடியிருப்பாளர்கள்

உங்கள் வீவக வீட்டுக்குக் குத்தகை 99 ஆண்டு. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஒரு சிறு வட்டாரத்திலும் அதே 99 ஆண்டுக் குத்தகைதான். ஆனால் அங்கே நிலம் அரசாங்கத்துடையது இல்லை. வட்டார மக்கள் நடத்தும் அறக்கட்டளைக்குச் சொந்தம்.

அது எப்படி அவர்கள் கைக்கு வந்தது?

முதலில், அங்கே என்ன ஆச்சு?

இடத்தின் பெயர் டட்லி ஸ்திரீட். நகர மையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். கறுப்பினத்தவர், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், வெள்ளையர் எனப் பலரும் வாழ்ந்த பகுதி.

இதுபோன்ற வட்டாரங்களில் வீடு வாங்க வங்கிகள் பல்லாண்டாகக் கடன் தர மறுத்தன. வசதியுள்ளவர்கள் வெளியேறினர். வீட்டு விலை சரிந்ததும் காப்புறுதிப் பணத்துக்காகக் கட்டடங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,300 மனைகள் காலி. காலி இடம் இருந்தால் குப்பை வரும்தானே? மற்ற இடங்களின் கட்டடக் கழிவு, பழைய கார் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன.

நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

1984இல் ஓர் அறநிறுவனமும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து ‘டட்லி ஸ்திரீட் நெய்பர்ஹுட் இனிஷியேட்டிவ்’ என்ற முயற்சியைத் தொடங்கின. அடுத்த ஆண்டு மக்களைக் கூட்டித் திட்டத்தை விளக்கினர். நிர்வாகக் குழுவில் குடியிருப்பாளர்களுக்குச் சில இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன.

மக்கள் விடவில்லை. குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏற்பாட்டாளர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. குழுவையே மாற்றியமைத்தார்கள். குடியிருப்பாளர்களுக்குப் பெரும்பான்மை, நான்கு முக்கியச் சமூகத்தினருக்கும் சமமான இடங்கள். பின்னர் இளையர்களுக்கும் தனி இடங்கள் கிடைத்தன.

முதல் வேலை, குப்பைக்கு எதிரான இயக்கம். நகராட்சி நடவடிக்கை எடுத்தது. கண்ணுக்குத் தெரிந்த அந்த வெற்றி நம்பிக்கையைக் கொடுத்தது.

ஆனால் காலி மனைகளை என்ன செய்வது?

நகராட்சியின் மனைக்குப் பக்கத்தில் தனியார் மனை, அதற்குப் பக்கத்தில் உரிமையாளர் யார் என்றே தெரியாத மனை. இப்படித் துண்டு துண்டாகக் கிடந்தால் வீடு கட்ட முடியாது.

இங்கே சிங்கப்பூரில் 1966 நில எடுப்புச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொள்ள முடியும். போஸ்டன் நகரத்துக்கும் அப்படி ஓர் அதிகாரம் உண்டு. 1950களின் இறுதியில் வெஸ்ட் எண்ட் என்ற வட்டாரத்தை அப்படி எடுத்துத்தான் இடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு இழந்தனர்.

1988இல் அதே அதிகாரம் டட்லி குடியிருப்பாளர்களின் அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவில் அதுவரை எந்த வட்டார அமைப்புக்கும் அது கிடைத்ததில்லை. சுமார் 60 ஏக்கர் பகுதிக்குள், காலி நிலத்தை மட்டுமே எடுக்கலாம். யாருடைய வீட்டிலும் கைவைக்க முடியாது.

சரி, இதில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. வட்டாரம் நன்றானால் விலை ஏறும். விலை ஏறினால், குப்பையோடு போராடியவர்களே வாடகை கட்ட முடியாமல் போக வேண்டியிருக்கும். அதனால்தான் நிலத்தை அறக்கட்டளையே வைத்துக்கொள்கிறது. நீங்கள் வீட்டை வாங்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். விற்றால், விலைக்கு உச்சவரம்பு உண்டு. அடுத்து வாங்குபவருக்கும் கட்டுப்படியாக வேண்டும் அல்லவா?

நம்ம ‘பிளஸ்’, ‘பிரைம்’ வீடுகளை விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருப்பது உங்களுக்கு நினைவுக்கு வரலாம். முறை வேறு, கவலை ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் விலை எகிறும்போது, தனக்கு மட்டும் லாபம் குறைவு என்று ஓர் உரிமையாளர் வருத்தப்பட்டால் அதையும் தப்பு என்று சொல்ல முடியாது. பல அமெரிக்கக் குடும்பங்களுக்கு வீடுதான் சேமிப்பு.

மறுபக்கம், 2008 நிதி நெருக்கடியில் அமெரிக்கா முழுவதும் கடன் கட்ட முடியாமல் மக்கள் வீடு இழந்தபோது, அறக்கட்டளை நிலத்தில் அப்படிப் பறிபோன வீடுகள் மிகச் சொற்பம்.

‘சமூகமே வழிநடத்தும் சீரமைப்பு’ என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. சுவரோவியம் வரைந்தாலும் அதே பெயர்தான். அடுத்த முறை கேட்கும்போது, நிலம் யார் பெயரில், ஓட்டு யாருக்கு என்று பாருங்கள்.

டட்லி அறக்கட்டளையின் நிலத்தில் இன்று 200க்கும் மேற்பட்ட வீடுகள், விளைநிலங்கள், பழைய கார்ப் பட்டறை இருந்த இடத்தில் ஒரு பசுமைக்குடில். அதன் எல்லையைத் தாண்டினால் சந்தை விலைதான். அங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.