நிகழ்பட ஆட்டக் கருவிகளில் பதிலி வழங்கி

நிகழ்பட ஆட்டக் கருவியில் பதிலி வழங்கியைப் பயன்படுத்துதல் என்பது, பிளேஸ்டேசன், வீ, ஸ்விட்ச் போன்ற வீட்டு ஆட்டக் கருவிகள் இணையத்தை நேரடியாக அணுகாமல், இடையில் உள்ள மற்றொரு கணினியின் வழியாக அணுகுமாறு அமைப்பதாகும். அந்த இடைக்கணினியே பதிலி வழங்கி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது ப்ராக்சி சர்வர் என்று பரவலாக அழைக்கப்படுகிறது. கருவியின் வேண்டுகோளைப் பெற்று, தானே அதை உரிய வழங்கிக்கு அனுப்பி, கிடைத்த விடையைக் கருவிக்குத் திருப்பித் தருவது இதன் பணியாகும்.

பின்னணி

வலைக்கான பதிலி வழங்கிகள் 1990களின் முற்பகுதியில் தோன்றின. ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் உருவாக்கிய வலை வழங்கி மென்பொருளில் 1994 ஆம் ஆண்டளவில் இவ்வசதி இருந்தது. கட்டற்ற மென்பொருளான ஸ்க்விட் 1996 இல் வெளியானது. தீயரணுக்குப் பின்னால் உள்ள கணினிகள் வெளி இணையத்தை அணுகவும், ஒரே கோப்பைப் பலர் மீண்டும் மீண்டும் தரவிறக்குவதைத் தவிர்க்கவும் கல்வி நிலையங்களும் அலுவலகங்களும் இவற்றைப் பயன்படுத்தின. பல விடுதிகளில் பதிலி வழங்கி வழியாக மட்டுமே இணையத்தை அடைய முடியும் என்ற நிலை இருந்ததால், இணைய வசதியுடன் வந்த ஆட்டக் கருவிகளிலும் இதற்கான அமைப்பு தேவைப்பட்டது.

கருவிகளில் உள்ள வசதி

- பிளேஸ்டேசன் 3 (2006), பிளேஸ்டேசன் 4 (2013), பிளேஸ்டேசன் 5 (2020): பிணைய அமைப்புகளில் பதிலி வழங்கியின் முகவரியையும் துறை எண்ணையும் தரலாம். பிளேஸ்டேசன் 3, 4 ஆகியவற்றில் பயனர் பெயர், கடவுச்சொல் தருவதற்கு இடமில்லை.
- நின்டெண்டோ வீ (2006), ஸ்விட்ச் (2017): முகவரி, துறை எண் ஆகியவற்றுடன் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரலாம். வீ கருவிக்கான நின்டெண்டோவின் இணைய ஆட்டச் சேவை 2014 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.
- எக்ஸ்பாக்ஸ் 360 (2005), எக்ஸ்பாக்ஸ் ஒன் (2013), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் (2020): பதிலி வழங்கிக்கான அமைப்பு இல்லை. திசைவியிலேயே போக்குவரத்தை இடைமறித்துத் திருப்பும் மறைவுப் பதிலி போன்ற வழிகளையே இவற்றில் கையாள வேண்டும்.

செயற்படும் முறை

கருவியில் தரப்படும் பதிலி அமைப்பு எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ். ஆகிய வலை நெறிமுறைகளுக்கு உரியது. கடைப் பக்கங்கள், உலாவி, ஆட்டங்களின் தரவிறக்கம், நிலைபொருள் இற்றைப்படுத்தல் போன்றவை இவ்வழியே செல்கின்றன. குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பாயின், குறிப்பிட்ட வழங்கிக்கு ஒரு தடத்தைத் திறந்து தருமாறு கருவி பதிலியைக் கேட்கும். அதன்பின் பதிலி உள்ளடக்கத்தைப் படிக்காமல் இருபுறமும் கடத்தும்.

பலர் சேர்ந்து விளையாடும்போது பரிமாறப்படும் தரவு இவ்வழியே செல்வதில்லை. அது பெரும்பாலும் யு.டி.பி. பொட்டலங்களாக நேரடியாக வெளியேறுகிறது. எனவே பதிலி வழங்கி அமைப்பதால் ஆட்டத்தின் தாமதம் குறையாது, எதிராளியிடமிருந்து ஐ.பி. முகவரி மறையாது; முகவரி பெயர்ப்பு வகை எனக் கருவி காட்டும் நிலையும் திருந்தாது. வலைப்போக்குவரத்தை மட்டும் அனுமதிக்கும் விடுதிப் பிணையத்தில் கடை திறந்தாலும் ஆட்டம் இணையாமல் போவதற்குக் காரணம் இதுவே.

தரவிறக்க வேகம்

பதிலி வழங்கி வழியாகத் தரவிறக்கினால் வேகம் கூடுகிறது என்ற கருத்து பிளேஸ்டேசன் 4 பயனர்களிடையே நீண்ட காலம் நிலவியது. இடையில் ஒரு கணினியைக் கூடுதலாக வைத்தால் வேகம் எவ்வாறு கூடும் என்ற ஐயம் இயல்பானது. 2017 ஆம் ஆண்டு மென்பொருளாளர் ஒருவர் பொட்டலங்களைப் பதிவு செய்து ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகள் இதற்கு விளக்கம் தந்தன.

டி.சி.பி. நெறிமுறையில், பெறுபவர் ஒரு நேரத்தில் எவ்வளவு தரவை ஏற்கமுடியும் என்பதை அனுப்புபவருக்கு அறிவிக்கிறார். இவ்வளவு பெறு சாளரம் எனப்படும். சாளரம் நிரம்பியதும், ஒப்புகை வந்து சேரும்வரை அனுப்புபவர் காத்திருக்க வேண்டும். பிளேஸ்டேசன் 4 இல் ஆட்டமோ வேறு செயலியோ திறந்திருந்தால், தரவிறக்கத்துக்கான சாளரம் சுமார் 7 கிலோபைட்டு வரை சுருக்கப்படுவது அவ்வாய்வில் தெரியவந்தது.

வழங்கிக்குச் சென்றுவர 100 மில்லிநொடி ஆகுமாயின், 7 கிலோபைட்டுச் சாளரத்தில் நொடிக்கு 70 கிலோபைட்டுக்கு மேல் பெற முடியாது. அவ்வேகத்தில் 40 கிகாபைட்டு ஆட்டம் ஒன்று இறங்க ஆறரை நாட்கள் தேவை. வீட்டுக் கணினியில் பதிலி வழங்கி இயங்கினால் இணைப்பு இரண்டாகப் பிரிகிறது. தொலைவிலுள்ள வழங்கிக்கும் பதிலிக்கும் இடையில் பெரிய சாளரம் அமைகிறது. பதிலிக்கும் கருவிக்கும் இடையில் சென்றுவரும் நேரம் 1 மில்லிநொடி எனக் கொண்டால், அதே 7 கிலோபைட்டுச் சாளரம் நொடிக்கு 7 மெகாபைட்டு வரை இடந்தரும். அதே ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும். இணைய இணைப்பின் வேகம் இதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

இதனினும் எளிய தீர்வு, தரவிறக்கும்போது திறந்துள்ள ஆட்டத்தை முழுமையாக மூடிவிடுவதாகும். சாளரம் சுருங்காத நிலையில் பதிலி வழங்கியால் கிடைக்கும் பயன் பெரிதும் குறைகிறது.

அமைத்தல்

கருவியும் கணினியும் ஒரே திசைவியில் இணைந்திருக்க வேண்டும். கணினியில் பதிலி மென்பொருளை நிறுவி, அதன் உள்பிணைய முகவரியையும் துறை எண்ணையும் கருவியின் பிணைய அமைப்பில் தரவேண்டும். முகவரி பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். ஸ்க்விட் மென்பொருளின் இயல்பான துறை எண் 3128 ஆகும். கணினியின் தீயரணில் அத்துறையைத் திறக்க வேண்டும். கணினி அணைக்கப்பட்டால் கருவியின் கடையும் தரவிறக்கமும் நின்றுவிடும்.

விடுதியின் பதிலி வழங்கி கடவுச்சொல் கேட்பதாயின், அதற்கு இடமில்லாத கருவிகளில் நேரடியாக அமைக்க இயலாது. அந்நிலையில் சொந்தக் கணினியில் இரண்டாவது பதிலி ஒன்றை இயக்கி, கடவுச்சொல்லை அதில் தந்து, கருவியை அதனுடன் இணைக்கலாம். நிறுவனத்தின் விதிகள் இதற்கு இடந்தருகின்றனவா என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

பாதுகாப்பு

இணையத்தில் பட்டியலிடப்படும் இலவசப் பொதுப் பதிலி வழங்கிகளைக் கருவியில் தருவது இடர் மிக்கது. குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் கடவுச்சொல்லை நேரடியாகப் படிக்க முடியாவிடினும், எந்த வழங்கிகள் அணுகப்படுகின்றன என்பதை அதன் நடத்துநர் அறிய முடியும். குறியாக்கம் அற்ற தரவை அவர் படிக்கவும் மாற்றவும் முடியும்.

வீட்டில் இயக்கப்படும் பதிலிக்கும் இது பொருந்தும். உள்பிணைய முகவரிகளுக்கு மட்டும் அனுமதி தராமல் திறந்து விடப்பட்டு, அது வெளியிலிருந்தும் எட்டக்கூடியதாக இருந்தால், அயலார் அதன் வழியே செய்யும் செயல்கள் யாவும் வீட்டு இணைப்பின் பெயரிலேயே பதிவாகும்.

நிலைபொருள் சர்ச்சை

2010 ஏப்ரல் 1 அன்று வெளியான 3.21 நிலைபொருளின் மூலம், பிளேஸ்டேசன் 3 இல் லினக்ஸ் போன்ற பிற இயங்குதளங்களை நிறுவும் வசதியைச் சோனி நீக்கியது. இற்றைப்படுத்த மறுத்தவர்கள் பிளேஸ்டேசன் நெட்வொர்க் சேவையை இழந்தனர். சிலர் வீட்டுப் பதிலி வழங்கியில் நிலைபொருள் பட்டியலின் பதிப்பெண்ணை மாற்றி, பழைய நிலைபொருளுடனேயே இணைய முயன்றனர். விலைக்கு வாங்கிய கருவியின் வசதியைப் பின்னர் நீக்க உற்பத்தியாளருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது.

இவற்றையும் பார்க்க

- பதிலி வழங்கி
- முகவரி பெயர்ப்பு
- பிளேஸ்டேசன் 3
- ஸ்க்விட்