ஒரு கணினியில் இரு பைத்தான்: டெபியன் பொதி மேலாண்மையும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்

‘அம்மா’ என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? தமிழ் இலக்கணப்படி மூன்று. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த இச்சொல்லைப் பைத்தான் 2, யூனிகோடு என்று தனியே குறிக்காதவிடத்து, 15 என எண்ணும். பைத்தான் 3-இன் விடை 5. முன்னது பைட்டுகளை எண்ணுகிறது. பின்னது அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் ஆகிய குறிகளை எண்ணுகிறது. இரண்டுமே இலக்கண விடையன்று.

2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3, முந்தைய பதிப்புடன் பொருந்த வேண்டும் என்னும் கட்டாயத்தைத் தெரிந்தே கைவிட்டது. எனவே பழைய நிரல்களுக்கு ஒன்றும் புதியவற்றுக்கு மற்றொன்றுமாக, இரு பதிப்புகளும் ஒரே கணினியில் பல்லாண்டுகள் உடனுறைய நேர்ந்தது. இங்குதான் பொதி மேலாண்மையின் சிக்கல் எழுகிறது. 1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் இயங்குதளம், ஒரு பெயர் கொண்ட பொதிக்கு ஒரு நேரத்தில் ஒரு பதிப்பையே நிறுவ இடந்தரும். இரு பதிப்புகளின் கோப்புகளும் ஒரே இடத்தில் அமையுமாயின் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் அன்றோ! இதற்கு டெபியன் கண்ட வழி எளியது: பதிப்பெண்ணைப் பெயருக்குள்ளேயே சேர்த்துவிடுதல். ‘பைத்தான்2.7’, ‘பைத்தான்3’ என்பன அவ்வமைப்பின் பார்வையில் உறவற்ற இரு பொதிகள். 1998-இல் வெளிவந்த டெபியன் 2.0, சி நிரலகத்தின் ஐந்தாம், ஆறாம் பதிப்புகளையும் இவ்வாறே உடன்வைத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததாதலின் இம்மரபையே பின்பற்றுகிறது.

ஆனால் ஒரு பெயர் களஞ்சியத்தில் நீடிப்பது அதைப் பேணுவோரைச் சார்ந்தது. 2020 சனவரி 1-உடன் பைத்தான் 2-க்கான ஆதரவு முடிவுற்றது. 2023 சூனில் வெளிவந்த டெபியன் 12-இல் அது இல்லை. ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகத்தார் முன்னரே இரு பதிப்புகளிலும் இயங்குமாறு எழுதி அச்சுமையைத் தாமே ஏற்றனர். நிக்ஸ் என்னும் பொதி மேலாளர் வேறுவழி கண்டது: ஒவ்வொரு பொதியையும் அதன் உள்ளீடுகளிலிருந்து கணித்த தனி அடையாளம் தாங்கிய கோப்புறையில் வைப்பதால் பெயர்மாற்றமே அங்குத் தேவைப்படுவதில்லை.

என் ஆய்வேட்டின் முதல் வரைவிலிருந்த எழுத்தெண்ணிக்கை அட்டவணையைப் புளியந்தோப்பில் உள்ள வீட்டுப் பழைய கணினியில் பைத்தான் 2.7 கொண்டு ஆக்கினேன். புதிய கணினியில் அந்நிரல் முதலில் இயங்கவேயில்லை. திருத்தி இயக்கியபோது எண்கள் அனைத்தும் மாறின. சுவடிப் பதிப்பில் எந்த ஏடு மூலமென்று கூறாதவரைக் குறைகூறும் நானே பதிப்பெண்ணைக் குறித்திருக்கவில்லை. அட்டவணையை இலக்கண எழுத்துகளின்படி மீண்டும் எண்ணினேன். அதன் தலைப்பில் இப்போது பைத்தானின் பதிப்பும் நிரலகத்தின் பதிப்பும் உள்ளன. பழைய கணினியை இன்னும் விற்கவில்லை.