எழுந்து போக முடியாத பேட்டி: அரசியல் நேர்காணலில் ஆவணமும் காலமும்

அரசியல் தலைவர்களும் தொழில்நுட்ப முதலாளிகளும் இன்று செய்தியாளரைவிடப் பாட்காஸ்ட் நடத்துபவரையே விரும்பி நாடுகிறார்கள். அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்பு, 2024 அக்டோபர் 25 அன்று, டொனால்ட் டிரம்ப் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் பாட்காஸ்ட் நடத்தும் ஜோ ரோகனுடன் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேசினார். 2025 மார்ச்சில் வெளியான லெக்ஸ் ஃப்ரிட்மனின் உரையாடலில் நரேந்திர மோடியின் பேச்சும் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. இத்தகைய பேட்டிகளை ஆதரிப்போர் சொல்லும் நியாயம் எளிமையானது. இருபது நிமிடப் பேட்டியில் மனப்பாடம் செய்த பதில்களை ஒப்பித்துவிட்டுப் போய்விடலாம். மூன்று மணி நேரம் அப்படித் தாக்குப்பிடிக்க முடியாது. எனவே நீளமான பேட்டியில் ஆளின் அசல் முகம் தெரிந்துவிடும்.

இந்த நியாயத்தில் பாதி சரி, பாதி தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். பொறுப்பில் இருந்தவர் தம் செயல்களைப் பற்றி உண்மை பேச நேர்வதற்கு இரண்டு நிபந்தனைகள் ஒருசேர வேண்டும். ஒன்று, அவர் கட்டுப்பாட்டில் இல்லாத ஓர் ஆவணம் கேட்பவர் கையில் இருக்க வேண்டும். மற்றொன்று, அவர் எளிதில் எழுந்து போக முடியாத நிலை வேண்டும். பாட்காஸ்ட் இரண்டாவதைத் தருகிறது, முதலாவதைக் கைவிட்டுவிடுகிறது.

1. நிக்சன், 1977

இரண்டு நிபந்தனைகளும் கூடி வந்த பேட்டிக்குச் சிறந்த சான்று ரிச்சர்ட் நிக்சனை டேவிட் ஃப்ராஸ்ட் கண்டதுதான். அமெரிக்க அதிபராக இருந்த நிக்சன், வாட்டர்கேட் ஊழலால் 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். ஒரு மாதம் கழிந்து, செப்டம்பர் 8 அன்று, அவருக்குப் பின் வந்த ஜெரால்டு ஃபோர்டு முழு மன்னிப்பு வழங்கினார். நீதிமன்றக் கூண்டில் நிக்சன் ஏற வேண்டிய தேவை அத்தோடு நீங்கியது. வாட்டர்கேட் பற்றி அவரை யாரேனும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமானால், இனி அது பேட்டியாகத்தான் நடக்க முடியும் என்ற நிலை.

ஃப்ராஸ்ட் பிரிட்டனின் கேளிக்கைத் தொகுப்பாளராகவே பெரிதும் அறியப்பட்டவர். நிக்சனுக்கு 6,00,000 டாலரும் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் தர ஒப்புக்கொண்டார். காசு கொடுத்து வாங்கிய பேட்டி என்று பத்திரிகையுலகம் கண்டித்தது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டதால், தனித்தனி நிலையங்களைத் திரட்டி அவரே ஒளிபரப்பினார். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத ஓர் அம்சம் உண்டு. கேள்விகளை முன்கூட்டிப் பார்க்கவோ படத்தொகுப்பில் தலையிடவோ நிக்சனுக்கு உரிமை இல்லை. பணம் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. பேட்டியின் பதிவின் மேல் அவருக்கு அதிகாரம் தரவில்லை. கலிஃபோர்னியாவில் பன்னிரண்டு அமர்வுகளில் இருபத்தெட்டு மணி நேரத்துக்கும் மேல் பதிவு செய்தார்கள்.

இனி ஆவணம். ஃப்ராஸ்டுக்காக ஆய்வு செய்த ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர், வாஷிங்டன் நீதிமன்ற ஆவணங்களிலிருந்து அதுவரை வெளிச்சத்துக்கு வராத ஒலிநாடா எழுத்துப் பிரதிகளை எடுத்து வந்தார். நிக்சனும் அவர் ஆலோசகர் சார்லஸ் கோல்சனும் பேசிக்கொண்டவை அவை. ஒரு பேச்சு 1972 ஜூன் 20 அன்று, அதாவது வாட்டர்கேட் வளாகத்தில் ஆட்கள் பிடிபட்ட மூன்றாம் நாள் நடந்தது. இதை ஃப்ராஸ்ட் முன்வைத்தபோது, நிக்சன் பல ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்த விளக்கம் ஆட்டம் கண்டது. 1973 மார்ச் 21 உரையாடலில் வாய்மூடப் பணம் கொடுப்பது பற்றி நிக்சன் சொன்ன சொற்களை ஃப்ராஸ்ட் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக் காட்டினார். குற்றத்தை நிக்சன் இறுதிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நாட்டு மக்களைக் கைவிட்டுவிட்டதாகச் சொன்னார். வேறொரு பகுதியில், அதிபர் செய்தால் அது சட்டவிரோதமாகாது என்ற பொருள்படப் பேசினார். 1977 மே 4 அன்று வந்த முதல் பகுதியை ஏறத்தாழ நான்கரைக் கோடிப் பேர் பார்த்தார்கள்.

பிற்காலத்தில் இந்நிகழ்வு நினைவுகூரப்பட்ட விதம் ஆராயத்தக்கது. பீட்டர் மோர்கன் 2006இல் எழுதிய நாடகத்திலும், அதிலிருந்து ரான் ஹோவார்டு 2008இல் எடுத்த படத்திலும், நிக்சன் நள்ளிரவில் குடித்துவிட்டு ஃப்ராஸ்டைத் தொலைபேசியில் அழைக்கிறார். அப்படி ஓர் அழைப்பு நடக்கவில்லை. அது நாடகாசிரியரின் கற்பனை. மனிதன் உடைந்தால்தான் உண்மை வரும் என்று அரங்கம் நம்ப விரும்புகிறது. நடந்ததோ, நீதிமன்ற அலமாரியில் தூசி படிந்த தாள்களை ஒருவர் பொறுமையாகப் புரட்டியதன் விளைவு. பேட்டி பற்றிய நம் பொதுப்புத்தி நாடகத்தின் பக்கமே சாய்கிறது.

2. ஒரே தலைவர், இரு பேட்டிகள்

ஆவணம் இருந்தும் காலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஜெயலலிதா 1999இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் சிமி கரேவாலுடன் பேசினார். தாயின் அருகாமைக்கு ஏங்கிய சிறுவயது, விருப்பமில்லாமல் நுழைந்த திரையுலகம், பள்ளிப் பருவத்து ஈர்ப்புகள் எல்லாம் அதில் வந்தன. பழைய இந்திப் பாடல் ஒன்றைப் பாடியும் காட்டினார். 2004இல், மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி முற்றிலும் தோற்ற சில மாதங்களில், பிபிசிக்காகச் செய்தியாளர் கரண் தாப்பர் கண்ட பேட்டியில் அதே ஜெயலலிதா வேறொருவர். தோல்விக்குப் பின் முடிவுகளைத் திரும்பப் பெற்றது பற்றியும் சோதிட நம்பிக்கை பற்றியும் கேள்விகள் துருவின. முடிவில் தாப்பர் மகிழ்ச்சி தெரிவிக்க, உங்களோடு பேசியது தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கரேவாலின் மென்மை வென்றது, தாப்பரின் கடுமை தோற்றது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அந்தப் படிப்பு இரண்டு வேறு வகை உண்மைகளைக் குழப்புகிறது. ஒருவர் தம் இளமையைப் பற்றிப் பேசும்போது அவரே முதன்மைச் சாட்சி. அங்கே ஆவணம் தேவையில்லை, பரிவு போதும். ஆட்சியில் எடுத்த முடிவுகள் அப்படியல்ல. அவற்றுக்கு அரசாணைகள், சட்டமன்றப் பதிவுகள், பாதிக்கப்பட்ட மக்கள் எனப் பல சாட்சிகள் உண்டு. அங்கே பரிவு மட்டும் இருந்தால், தலைவரின் ஒற்றைச் சாட்சியமே தீர்ப்பாகிவிடும்.

தாப்பரின் குறை கடுமையில் இல்லை. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் அளவே கொண்ட அந்த நேரத்தில், பதில் சொல்லாமல் காலத்தைக் கடத்திவிட முடியும். 2007இல் குஜராத் முதல்வராக இருந்த மோடி, 2002 கலவரம் பற்றித் தாப்பர் கேட்டதும் சில நிமிடங்களில் பேட்டியை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். தாப்பரிடம் கேள்வி இருந்தது. நிக்சனைப் பிடித்து நிறுத்திய ஒப்பந்தம் இல்லை. இருந்தும் தாப்பரின் இந்த இரண்டு பேட்டிகளும் வீணில்லை. எந்த இடத்தில் தலைவர் பேச மறுத்தார் என்பதும் வாக்காளர் அறிய வேண்டிய செய்திதான்.

3. காலம் உண்டு, கோப்பு இல்லை

ரோகன் வடிவம் இதற்கு நேர்மாறு. மூன்று மணி நேரம் கிடைக்கிறது. விருந்தினர் எழுந்து போவதில்லை. ஏன் போக வேண்டும்? தம்மை அச்சுறுத்தும் தாள் எதுவும் மேசையில் இல்லை என்று அவருக்குத் தெரியும். பேச்சின் நடுவே தகவலை இணையத்தில் தேடித் திரையில் காட்ட ரோகனிடம் ஓர் உதவியாளர் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எப்போது தேடுவது என்பதைப் பேச்சின் போக்கு முடிவு செய்கிறது. ஆர்வம் கிளர்ந்தால் தேடுவார்கள். சங்கடம் வரும் இடத்தில் உரையாடல் வேறு பக்கம் திரும்பிவிடும். விருந்தினரின் கடந்த காலச் சொல்லும் செயலும் முன்கூட்டித் தொகுக்கப்பட்டு அங்கே வருவதில்லை.

தொழில்நுட்ப முதலாளிகளின் நிலை இதை இன்னும் தெளிவாக்கும். 2004இல் பங்குச் சந்தைக்கு வரவிருந்த கூகுள் நிறுவனர்கள் பிளேபாய் இதழுக்கு முன்பே அளித்திருந்த பேட்டி, சட்டப்படி வாய்மூடி இருக்க வேண்டிய காலத்தில் வெளியானது. அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையத்துக்கு அளித்த பதிவு ஆவணத்திலேயே அந்தப் பேட்டியை நிறுவனம் இணைக்க நேர்ந்தது. 2018 செப்டம்பரில் ரோகன் நிகழ்ச்சியில் எலான் மஸ்க் கஞ்சா புகைத்ததைத் தொடர்ந்து, ஸ்பேஸ்எக்ஸின் பாதுகாப்புப் பண்பாட்டை ஆராய நாசா உத்தரவிட்டது. முதலாளி பேசினால் கணக்குக் கேட்க வெளியே ஓர் அமைப்பு இருக்கிறது. அரசியல்வாதியின் பேட்டிக்கு அப்படி எந்த ஆணையமும் கிடையாது. அந்த வேலையைக் கேள்வி கேட்பவர்தான் செய்ய வேண்டும்.

4. ஒரு மறுப்பு

வெட்டப்பட்ட பேட்டியை மக்கள் ஏன் நம்ப வேண்டும் என்பது இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு. 2024இல் சிபிஎஸ் தொலைக்காட்சி, அதிபர் தேர்தலில் டிரம்பை எதிர்த்துப் போட்டியிட்ட கமலா ஹாரிஸின் ஒரே பதிலின் வெவ்வேறு பகுதிகளை இரண்டு நிகழ்ச்சிகளில் காட்டியது. டிரம்ப் வழக்குத் தொடுத்தார். தாய் நிறுவனமான பாரமவுண்ட் 2025 ஜூலையில் 1.6 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. பதிலைச் சுருக்குவது தொலைக்காட்சியில் அன்றாட வழக்கம். அந்த வழக்கு சட்டப்படி வலுவற்றது என்றே பலர் கருதினர். ஆனாலும் பார்வையாளரின் ஐயம் இயல்பானது. தொகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதை அவர் பார்க்க முடிவதில்லை.

இந்த ஐயத்தைத் தீர்க்க, கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. சுருக்கிய வடிவத்தோடு முழுப் பதிவையும் எழுத்துப் பிரதியையும் செய்தி நிறுவனம் தானே வெளியிட்டால் போதும். இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. வெட்டாமல் காட்டும் நேர்மையைப் பாட்காஸ்டிடமிருந்து இதழியல் கற்கலாம். கோப்போடு வரும் உழைப்பை இதழியலிடமிருந்து பாட்காஸ்ட் கற்கலாம். இரண்டும் சேர்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. தடை தலைவர்களின் விருப்பத்தில் இருக்கிறது: கோப்பில்லாத மூன்று மணி நேரம் கிடைக்கும்வரை, கோப்போடு வருபவருக்கு அவர்கள் அரை மணி நேரமும் ஒதுக்கப்போவதில்லை. எனவே ஒரு நீண்ட பேட்டி வெளியாகும்போது, தலைவர் எவ்வளவு மனம் திறந்தார் என்பதோடு, இதே காலத்தில் யாருடைய கேள்விக்கு உட்கார மறுத்தார் என்பதையும் ஆய்வாளரும் வாக்காளரும் கணக்கில் எடுக்க வேண்டும்.