போரை நிறுத்தச் சென்ற சொல்

இலக்கியத் தொடரில் சர்வதேச சங்கத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கோவூர்கிழாரிடமிருந்தே தொடங்குகிறேன். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருந்தான்; நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தான். இருவரும் சோழர். படையில்லாத புலவர் நடுவே நின்று, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று எடுத்துரைத்தார். அந்தப் பாட்டு புறநானூற்றில் உண்டு. ஆனால் அதே நூல் 'காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி' என்றும் ஒரு பெயரைத் தருகிறது. காரியாற்றுப் போரில் அவன் மாண்டான் என்று அறிஞர் கொள்வர். சொல்லால் போரை ஒத்திவைக்க முடியும். அதை ஒழிக்கவோ, சொல்லுக்குப் பின்னால் வேறொரு பலமும் வேண்டும்.

முதலாம் உலகப் போரின் பின், 1920 ஜனவரி 10 ஆம் திகதி பிறந்த சர்வதேச சங்கத்தின் வரலாறும் இதுவே. அதற்கென ஒரு படை இருக்கவில்லை. முக்கிய தீர்மானங்களுக்குப் பொதுவாக அனைவரின் சம்மதமும் வேண்டியிருந்தது. அதன் கருத்தை முன்னின்று வளர்த்தவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சன். ஆயினும் அவர் நாட்டுச் செனற் சபை உடன்படாததால் ஐக்கிய அமெரிக்கா கடைசிவரை சேரவேயில்லை.

இத்தனை குறைகளோடும் அது சாதித்தவை உண்டு. ஓலந்துத் தீவுகளுக்காகப் பின்லாந்தும் சுவீடனும் முரண்பட்டபோது, 1921 இல் சங்கம் தீர்ப்பளித்தது. தீவுகள் பின்லாந்துக்கே, ஆனால் அங்கு வாழும் சுவீடிய மொழியினருக்குத் தன்னாட்சியும் மொழிக் காப்பும் வேண்டும் என்றது. அந்த ஏற்பாடு இன்றும் நிலைத்திருக்கிறது. மொழிச் சிக்கலால் இரத்தம் சிந்திய நம் நாட்டவர் ஊன்றிப் படிக்கவேண்டிய பக்கம் இது. 1925 இல் கிரேக்கப் படை பல்கேரியாவுக்குள் புகுந்தபோதும், சங்கத்தின் சொற்கேட்டு அது பின்வாங்கியது, நட்டஈடும் கட்டியது.

இவையெல்லாம் சிறு நாடுகளின் வழக்குகள். பெரிய வல்லரசு குற்றவாளியானபோது சங்கம் தடுமாறிற்று. 1931 இல் யப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. லிற்றன் பிரபுவின் குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1933 இல் சங்கம் அதை ஏற்றவுடன் யப்பான் வெளிநடப்புச் செய்ததேயன்றி மஞ்சூரியாவை விட்டு நகரவில்லை. 1935 இல் இத்தாலி அபிசீனியாவைத் தாக்கியது. பொருளாதாரத் தடை விதித்தார்கள். ஆனால் போரை ஓட்டும் எண்ணெய் தடைப்பட்டியலில் இல்லை, சுயெஸ் கால்வாயும் மூடப்படவில்லை. 1936 ஜூனில் நாடிழந்த பேரரசர் ஹெய்லி செலாசி ஜெனீவாவில் நேரில் வந்து முறையிட்டார். அடுத்த மாதமே தடைகள் நீக்கப்பட்டன. வேலிக்குச் சொந்தக்காரரே வேலியைத் திறந்துவிட்ட கதை இது.

இனி நம் கதைக்கு வருவோம். அடிமை நாடாயிருந்தும் இந்தியா அச்சங்கத்தின் தொடக்க உறுப்பு நாடு. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் 1921 இல் அதன் பிரதிநிதிகளுள் ஒருவராக ஜெனீவா சென்றார். இலங்கைக்கு அங்கே ஆசனம் இல்லை. அக்காலத்தில்தான் தோட்டங்களில் தொழிலாளியைக் கடனோடு கட்டிவைத்த துண்டு முறை 1921 இல் ஒழிந்தது; 1922 இல் இந்தியக் குடியகல்வுச் சட்டமும், 1927 இல் இங்கே குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வந்தன. இவற்றைச் சங்கத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. இந்தியாவில் எழுந்த பொதுமக்கள் குரலும் இரு அரசாங்கங்களின் பேரமுமே இவற்றைக் கொணர்ந்தன.

சங்கம் நம் மக்களைத் தொட்ட இடம் வேறு. நோர்வே நாட்டுத் துருவ ஆராய்ச்சியாளர் நான்சன் அகதிகளுக்கான அதன் ஆணையாளராக இருந்தார். 1922 இல் நாடற்றுப்போன ரஷ்ய அகதிகளுக்கு அவர் ஒரு கடவுச்சீட்டை உருவாக்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றன. எந்த நாடும் உரிமை பாராட்டாத மனிதனுக்கும் ஒரு பெயரும் ஒரு தாளும் உண்டு என்பதை உலகம் முதன்முதலாக ஒப்புக்கொண்டது. சங்கத்தின் ஆகச் சிறந்த பணி இதுவே என்பது என் துணிபு.

அதே சங்கம் கூட்டிய 1930 ஆம் ஆண்டு ஹேக் மாநாடு, தன் பிரசைகள் யாரென்பதை ஒவ்வொரு அரசும் தன் சட்டத்தாலேயே தீர்மானிக்கும் என்று வரைந்தது. சர்வதேச வழக்காறுகளுக்கு அச்சட்டம் பொருந்தவேண்டும் என்ற நிபந்தனையும் உடனிருந்தது. ஆனால் நிபந்தனையைக் காக்கக் காவலர் யாருமில்லை. 1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இங்கே பிறந்ததாக மட்டும் காட்டினால் போதாது. தந்தை இங்கே பிறந்தார், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்று நிறுவவேண்டும். லயத்தில் பிறந்தவன் பூட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? மலையக மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த மாதமே, டிசம்பர் 10 இல், ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டினம் உரியது என்று ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது!

பின்னர் 1964 ஒப்பந்தத்தில் இரு நாட்டுப் பிரதமர்கள் எங்கள் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. டிக்கோயாவிலும் அட்டனிலும் அண்ணன் அங்கேயும் தம்பி இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

சர்வதேச சங்கம் 1946 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. அதனோடு பிறந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பு இன்றும் வாழ்கிறது. அன்று எல்லோர் கையிலும் இருந்த மறுக்கும் உரிமை, இன்று பாதுகாப்புச் சபையில் ஐந்து வல்லரசுகளின் கையில் இருக்கிறது. சங்கம் தோற்றது என்று ஒரே வரியில் எழுதும் மாணவருக்கு நான் முழுப் புள்ளி இடுவதில்லை. அது நல்ல சொற்களைத் தந்தது. காப்பாற்றும் கைகளைத் தரவில்லை. ஹேக்கில் எழுதிய வரிக்கும் 1948 டிசம்பரில் எழுதிய வரிக்கும் இடையே எங்கள் மூன்று தலைமுறைகள் வாழ்ந்து முடித்தன.