மூர்நிலப் பறவைகளின் பாதுகாப்பு, பிரிட்டன்

ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, வேல்ஸ் மேட்டுநிலங்களில் மரமின்றிப் பரந்து கிடக்கும் ஹெதர் புதர்வெளிகளும், பீட் என்னும் மட்கிய பாசிமண் நிலங்களும் மூர் எனப்படும். இங்கே குஞ்சு பொரிக்கும் பறவைகளில் பெரும்பாலானவை தரையிலேயே கூடமைக்கின்றன. சிவப்பு கிரவுஸ், வளைந்த நீள அலகுடைய கர்லூ, பொன்னிற உப்புக்கொத்தி, வடக்கு ஆள்காட்டி, புல்வெளி நெட்டைக்காலி, பூனைப்பருந்து இனத்தைச் சேர்ந்த ஹென் ஹாரியர் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. நரிக்கும் காக்கைக்கும் எட்டும் இடத்தில் முட்டை கிடப்பதே இவற்றின் பாதுகாப்பு வரலாறு முழுவதும் தொடரும் சிக்கல்.

19ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய நிலையை அறிய முறையான கணக்கெடுப்பு எதுவும் இல்லை.

அந்நூற்றாண்டின் நடுவில் ரயில் பாதையும் பின்புறம் தோட்டா நிரப்பும் துப்பாக்கியும் வந்தபின், ஆகஸ்ட் 12இல் தொடங்கும் கிரவுஸ் வேட்டை செல்வந்தர்களின் பெரும் பொழுதுபோக்காயிற்று. எஸ்டேட்டுகளின் வேட்டைக் காவலர்கள் ஹெதரைப் பட்டை பட்டையாக எரித்தனர். எரித்த இடத்தில் கிளைக்கும் இளந்தளிர் கிரவுஸுக்கு உணவு. எரிக்காத முதிர்புதர் மறைவிடம். நரி, காக்கையோடு பருந்தினங்களையும் அவர்கள் கொன்றனர். 1900 வாக்கில் ஹென் ஹாரியர் பிரிட்டனில் பெரும்பாலும் ஆர்க்னி, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் மட்டுமே எஞ்சியது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வடிகால் வெட்டுதலும் ஊசியிலை மரத்தோட்டங்களும் மூர்நிலத்தைச் சுருக்கின. அத்தோட்டங்களுக்கான வரிச்சலுகை 1988இல் நிறுத்தப்பட்டது.

மிக விரிவாகப் பதிவானது இங்கிலாந்து எல்லையை ஒட்டிய லாங்ஹோம் மூரின் கதை. 1992இல் தொடங்கிய கூட்டாய்வின்போது ஹாரியர்களைக் கொல்லாமல் விட்டனர். கூடமைத்த பேடைகள் 2இலிருந்து 1996இல் 14 ஆயின. மறு ஆண்டு 20. ஆய்வாளர்கள் மறைவிடங்களில் அமர்ந்து, ஒவ்வொரு கூட்டுக்கும் வரும் இரையைக் குறித்தனர். சாம்பல் நிற ஆண் இரையோடு வந்து குரல் கொடுக்கும். பழுப்புப் பேடை கூட்டைவிட்டு எழுந்து அதன் கீழே பறந்து, ஆண் நழுவவிடும் இரையை அந்தரத்தில் உடல் புரட்டிக் காலால் பற்றும். இரைக் கணக்கெடுப்பில் இத்தகைய வர்ணனைக்கு இடமில்லை என்றாலும், அக்கணக்கின் பல வரிகளுக்குப் பின்னால் இருப்பது இக்காட்சியே.

1995, 1996 கோடைகளில் கிரவுஸ் குஞ்சுகளில் சுமார் 37 விழுக்காடு ஹாரியருக்கு இரையானதாக ஆய்வு மதிப்பிட்டது. வேட்டை கட்டுப்படியாகாமல் நின்றது, காவலர்களும் விலக்கப்பட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் நரியும் காக்கையும் பெருகின. கர்லூ, ஆள்காட்டி, உப்புக்கொத்தி குறைந்தன. ஹாரியரும் விரல்விட்டு எண்ணுமளவுக்குச் சுருங்கியது. தன்னைக் கொன்று வந்த அமைப்பின் நிழலில்தான் அதுவும் வாழ்ந்தது என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டினர். ஆனால் 1948க்கும் 1988க்கும் இடையில் ஆட்டு மேய்ச்சலால் அங்கே ஹெதர் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. புல் கலந்த அந்நிலத்தில் நெட்டைக்காலியும் வோல் எலியும் மிகுந்து ஹாரியரை ஈர்த்தன. எனவே லாங்ஹோம் முடிவை எல்லா மூர்நிலங்களுக்கும் பொருத்தலாமா என்பதில் ஒத்த கருத்து இல்லை.

1998, 1999இல் கூடுகளின் அருகே கம்பங்கள் நட்டு, ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளையும் வெள்ளை எலிகளையும் மாற்று உணவாக வைத்துப் பார்த்தனர். ஹாரியர் பிடித்த கிரவுஸ் குஞ்சுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனாலும் கிரவுஸ் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி உயரவில்லை. 2008இல் எஸ்டேட், அரசு அமைப்புகள், பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி., வேட்டை விலங்குகள் ஆய்வு அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஹாரியர் மீண்டது, வேட்டையை மறுபடி நடத்தும் அளவுக்குக் கிரவுஸ் மீளவில்லை.

நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்னில் 2000 முதல் 2008 வரை நடந்த சோதனையில், நரி, காக்கை முதலியவற்றைக் கட்டுப்படுத்திய நிலங்களில் ஐந்து பறவையினங்களின் இனப்பெருக்க வெற்றி சராசரியாக மும்மடங்காயிற்று. இவற்றில் கர்லூவும் ஒன்று. பிரிட்டனில் அது 2015இல் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட 58 ஹாரியர்களைப் பற்றிய 2019ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றில் 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை, அல்லது கொல்லப்பட்டிருக்க மிகுந்த வாய்ப்புள்ளவை என்றது. ஹாரியர் கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடும் இங்கிலாந்துச் சோதனை சர்ச்சைக்கு நடுவே நடந்து 2025இல் முடிவுக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் கிரவுஸ் வேட்டைக்கு உரிமம் தேவை என 2024இல் சட்டமாயிற்று.

லாங்ஹோம் மூரில் 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஊர்மக்களின் அமைப்பு ஒன்று நன்கொடை திரட்டி, 2021, 2022 ஆண்டுகளில் இரு கட்டங்களாக வாங்கி, டாராஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகமாக்கியது. பீட் நிலத்தை மீட்பதும் உள்நாட்டு மரங்களை வளரவிடுவதும் அதன் பணிகள். மரத்தோப்பின் ஓரத்தில் கூடமைக்க கர்லூ தயங்கும் என்பதால், எந்தச் சரிவில் மரம், எந்தச் சரிவு திறந்தவெளி என்பதும் அங்கே முடிவாக வேண்டியவற்றுள் ஒன்று.