சுவையும் மதிப்பெண்ணும்: அமெரிக்கப் பாப் இசை விமர்சனத்தில் விமர்சகர் – இரசிகர் வழக்கு (1969–2024)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க இசை விமர்சகர் அந்தோனி ஃபன்டானோ பாப் இசைத்தொகுப்புகளுக்கு வழங்கும் மதிப்பெண்கள் இளம் இசைக்கேட்போரிடையே ஓயாத விவாதத்திற்கு உள்ளாகின்றன. இவ்விவாதம் இணையக் காணொளியோடு பிறந்த புதுமையெனக் கருதப்படுவதுண்டு. 1969 முதல் உருவாகிவந்த மூன்று தனித்தனி வழக்குகள் ஒன்றாகப் பிணைந்ததன் விளைவே அது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சுவையை எண்ணால் அளக்கலாமா என்பது முதல் வழக்கு. எவ்வகை இசை மதிப்புக்குரியது என்பது இரண்டாவது. ஓர் இசையைக் குறைத்து மதிப்பிடுதல் அதனைக் கேட்போரைக் குறைத்து மதிப்பிடுதலாகுமா என்பது மூன்றாவது.

முதன்மைச் சொற்கள்: பாப் இசை, விமர்சனம், சுவை, மதிப்பெண், இரசிகர், ராக்கிசம், பாப்டிமிசம்.

முன்னுரை

சுவை தனிமனிதருக்குரியதா, பொது அளவுகோலுக்கு உட்பட்டதா என்னும் வினா மேலை அழகியலில் பழையது. டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட கட்டுரையில், பயிற்சியும் ஒப்பீட்டறிவும் முற்சாய்வின்மையும் உடைய நல்ல நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பே சுவையின் அளவுகோல் என்றார். 1979இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு இதற்கு நேர்மாறான நிலையை முன்வைத்தார். அவர் கருத்துப்படி, சுவை என்பது வர்க்கப் பின்புலமும் கல்வியும் வார்த்தெடுக்கும் ஒன்று. தம்மைப் பிறரிடமிருந்து உயர்த்திக் காட்டுவதற்கு மக்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். நடுவரின் தகுதியை நம்பும் ஹியூமின் நிலைக்கும், நடுவரின் இடத்தையே ஐயுறும் பூர்தியுவின் நிலைக்கும் இடையிலான இழுபறியாகவே பாப் இசை விமர்சனத்தின் வரலாற்றைக் காணலாம்.

எழுத்துக் குறியீடும் எண் மதிப்பும்

ராக் இசையைத் தீவிரமாக விவாதிக்கும் இதழ்கள் அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில் தோன்றின. ‘கிராடாடி’ 1966இலும் ‘ரோலிங் ஸ்டோன்’ 1967இலும் தொடங்கப்பெற்றன. நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழில் ராபர்ட் கிரிஸ்ட்கௌ 1969இல் தொடங்கிய ‘நுகர்வோர் வழிகாட்டி’ப் பகுதி ஒரு திருப்புமுனையாகும். பள்ளி விடைத்தாளுக்குத் தருவதுபோல ஒவ்வோர் இசைத்தொகுப்புக்கும் ஏ, பி, சி என்னும் எழுத்துத் தரத்தை அவர் வழங்கினார். ஒரு பத்தியளவே அமைந்த குறிப்பின் இறுதியில் தரம் நின்றது. தலைப்பில் இருந்த ‘நுகர்வோர்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. கலையைப் பற்றிய தீர்ப்பு, பொருள் வாங்குவோருக்கான அறிவுரை என்னும் உருவத்தைத் தானே முன்வந்து ஏற்றது.

இதற்கு எதிர்ப்பும் உடனிருந்தது. லூ ரீட் 1978இல் வெளியிட்ட நேரலை இசைத்தொகுப்பில் மேடையிலிருந்தே கிரிஸ்ட்கௌவின் பெயரைச் சொல்லி, ஓராண்டு உழைப்புக்கு ஓர் எழுத்தைத் தருவதா என்ற பொருள்படச் சினந்து பேசியது பதிவாகியுள்ளது. உழைப்புக்கும் ஒற்றைக் குறியீட்டுக்கும் உள்ள இந்தப் பொருந்தாமையே பிற்கால வழக்குகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

1990களின் நடுப்பகுதியில் ரயன் ஷ்ரைபர் தொடங்கிய ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழ் 0.0 முதல் 10.0 வரையிலான தசம அளவுகோலைக் கையாண்டது. 7.8க்கும் 8.1க்கும் இடையே வேறுபாடு உண்டு என்னும் துல்லியத் தோற்றத்தை இவ்வளவுகோல் அளித்தது. ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’ 2000இல் 10.0 பெற்றது. லிஸ் ஃபேர் தம் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தொகுப்பு 2003இல் 0.0 பெற்றது. முந்தையது இதழுக்குப் புகழ் சேர்த்தது. பிந்தையது பாப் இசையின்பால் அதற்கிருந்த வெறுப்பின் சான்றாக நெடுங்காலம் சுட்டப்பட்டது.

ராக்கிசமும் பாப்டிமிசமும்

லிஸ் ஃபேருக்குக் கிடைத்த சுழியத்தைப் புரிந்துகொள்ள இரண்டாவது வழக்கை நோக்க வேண்டும். கலைஞர் தாமே எழுதித் தாமே இசைப்பதே உண்மையான இசை. கூடத்தில் பலர் கூடி உருவாக்கி, வானொலிக்கெனச் செம்மை செய்த பாடல் போலியானது என்னும் மனப்பாங்கு ராக் விமர்சனத்தில் வேரூன்றியிருந்தது. ‘ராக்கிசம்’ என்னும் சொல்லை 1981இல் பிரித்தானிய இசைக்கலைஞர் பீட் வைலி புழக்கத்துக்குக் கொணர்ந்தார். சுயேச்சை ராக் கலைஞராகப் போற்றப்பெற்ற லிஸ் ஃபேர், வெற்றிப்பாடல்களை ஆக்கும் தயாரிப்பாளர் குழுவுடன் இணைந்தமையே 2003இல் பெருங்குற்றமாகத் தோன்றியது.

இம்மனப்பாங்கு வெறும் கருத்தளவில் நிற்கவில்லை. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில், இரண்டு ஆட்டங்களுக்கு இடையே ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் ஆடுகளத்திற்குள் புகுந்ததால் இரண்டாம் ஆட்டம் நடைபெறவில்லை. டிஸ்கோ, கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்க மக்களும் தன்பாலீர்ப்பினரும் கூடிய நடனக்கூடங்களில் வளர்ந்த இசையாகும். ஆகவே, ஓர் இசைவகையை வெறுத்தல் எங்கே முடிகிறது, அதற்குரிய மக்களை வெறுத்தல் எங்கே தொடங்குகிறது என்னும் வினாவிலிருந்து பின்வந்த விமர்சகர்களால் விலக இயலவில்லை.

2004 அக்டோபர் 31 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் கெலெஃபா சன்னே எழுதிய கட்டுரை இவ்வினாவைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. பாடகி ஆஷ்லி சிம்சன் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வாயசைத்துப் பாடியது அம்பலமானதை முன்னிறுத்தி, ராக்கிசத்தின் அளவுகோல்கள் வெள்ளையின ஆண் கலைஞர்களுக்கே சாதகமாக அமைவதை அவர் எடுத்துக்காட்டினார். பாப் இசையையும் அதே கவனத்தோடும் மதிப்போடும் அணுகவேண்டும் என்னும் நிலைப்பாடு ‘பாப்டிமிசம்’ எனப் பெயர்பெற்றது.

இப்போக்கின் சிறந்த நூலாகக் கனடிய விமர்சகர் கார்ல் வில்சன் 2007இல் வெளியிட்ட சிறுநூலைக் கூறலாம். தாம் வெறுத்த செலின் டியோனின் 1997ஆம் ஆண்டு இசைத்தொகுப்பையே அவர் ஆய்வுப்பொருளாக்கினார். பாடகியின் கியூபெக் பின்னணியை ஆராய்ந்தார், லாஸ் வேகாஸ் சென்று அவரது நிகழ்ச்சியைக் கண்டார், இரசிகர்களோடு உரையாடினார், பூர்தியுவைத் துணைக்கொண்டு தம் வெறுப்பின் சமூக வேர்களைத் தேடினார். நன்னூல் சிறப்புப்பாயிரத்தின் கூறுகளுள் ‘கேட்போர்’ என்பதனையும் ஒன்றாக வைக்கும். ஆக்கத்தை அறிதற்கு அது யார்க்கு உரியது என்பதையும் அறிதல் வேண்டும் என்னும் அத்தெளிவை, பாப் இசை விமர்சனம் மிகப் பிந்தியே எய்தியது எனலாம்.

ஃபன்டானோவின் சுவை மீதான வழக்கு

மேற்கண்ட இரு வழக்குகளும் கனிந்திருந்த காலத்தில்தான் அந்தோனி ஃபன்டானோ 2009இல் காணொளி விமர்சனங்களைத் தொடங்கினார். கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த அவர், பத்திரிகை ஆசிரியர் குழு எதனையும் சாராதவர். கேமராவை நேர்நோக்கிப் பேசி, இறுதியில் பத்துக்கு இத்தனை என மதிப்பிட்டு, கேட்போரின் மதிப்பீட்டையும் வினவி முடிப்பது அவர் வழக்கம். அவரது அலைவரிசை 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவாளர்களைப் பெற்றது. 25 வயதுக்குட்பட்டோருக்குப் பொருட்படுத்தத்தக்க ஒரே விமர்சகர் அவரே என்ற பொருளமைந்த தலைப்பில் ‘நியூயார்க் டைம்ஸ்’ 2020இல் அவரைப் பற்றி எழுதியது.

கான்யே வெஸ்டின் ‘மை பியூட்டிஃபுல் டார்க் ட்விஸ்டட் ஃபேன்டஸி’ 2010இல் பிட்ச்ஃபோர்க்கிடம் 10.0 பெற்றது; ஃபன்டானோ அதற்கு 6 வழங்கினார். அந்த ‘ஆறு’ இன்றளவும் அவர் சுவைக்கு எதிரான முதற்சான்றாக எடுத்துரைக்கப்படுகிறது. மறுபுறம், டெத் கிரிப்ஸின் ‘தி மணி ஸ்டோர்’ (2012), ஸ்வான்ஸ் குழுவின் ‘டு பி கைண்ட்’ (2014), கென்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ (2015) ஆகியன அவரிடம் முழு மதிப்பெண் பெற்றன. இரைச்சலும் கடுமையும் சோதனை முயற்சியும் அவர் சுவையின் சாய்வு என்றும், எனவே பாப் இசைக்கு அவர் தகுந்த நடுவரல்லர் என்றும் வாதிடுவோர்க்கு இப்பட்டியல் கருவியாயிற்று. 2024இல் சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ என்னும் நடனப் பாப் இசைத்தொகுப்பு அவரிடம் பத்துக்குப் பத்து பெற்றபோது அவ்வாதம் ஓரளவு தளர்ந்தது. எனினும் முற்றும் ஒழியவில்லை. கூர்மையான மின்னணு ஒலியமைப்பைக் கொண்ட பாப் இசையையே அவர் ஏற்கிறார். மென்மையான காதற்பாடல்களை ஏற்பதில்லை என வாதம் உருமாறியது.

இவ்வாதங்களைப் பகுத்து நோக்கின் மூன்று வகைக் குற்றச்சாட்டுகள் புலப்படுகின்றன. முதலாவது தகுதி பற்றியது: இவ்வகை இசையின் மரபு அவருக்குத் தெரியுமா? இரண்டாவது ஒழுங்கு பற்றியது: அதற்கு 7 கொடுத்தவர் இதற்கு 5 கொடுக்கலாமா? மூன்றாவது மதிப்புப் பற்றியது: இதனை இகழ்ந்தவர் எம்மையும் இகழ்ந்தவரல்லரா? தகுதி வினா ஹியூமின் வழிப்பட்டது, விடைகூறத்தக்கது. ஒழுங்கு வினா மதிப்பெண் என்னும் கருவி உண்டாக்கியது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு மரபுக்குரிய ஆக்கங்களுக்கு இடப்பட்ட எண்களை ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிடும்போது முரண் தோன்றுதல் தவிர்க்கவியலாதது. மூன்றாவது வினா பாப்டிமிசத்தின் எதிர்பாராத பயன். சுவைக்குச் சமூக வேர் உண்டு என்னும் ஆய்வுண்மை, சுவையைக் குறைகூறுவோர் அனைவரும் பகைவர் என்னும் முழக்கமாகத் திரிந்தது.

இத்திரிபின் விளைவுகள் சிறியவையல்ல. டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஃபோக்லோர்’ 2020இல் பிட்ச்ஃபோர்க்கிடம் 8.0 பெற்றது. அது பாராட்டுரையே, ஆயினும் எண் போதாதெனச் சினந்தோர் அவ்விமர்சகரின் தனிப்பட்ட விவரங்களைப் பரப்பி அவரை அச்சுறுத்தினர். 2024 ஏப்ரலில் அதே பாடகியின் ‘தி டார்ச்சர்டு பொயட்ஸ் டிபார்ட்மென்ட்’ பற்றிய விமர்சனத்தை ‘பேஸ்ட்’ இதழ் எழுதியவர் பெயரின்றி வெளியிட்டது. 2019இல் முந்தைய விமர்சகருக்கு வந்த வன்முறை மிரட்டல்களை அவ்விதழ் காரணமாகக் கூறியது. லூ ரீட் தம் சினத்தைத் தாமே மேடையில் வெளியிட்டார். நாற்பதாண்டுகளுக்குப் பின் கலைஞரின் சார்பில் கூட்டம் சினங்கொண்டது. எதிர்க்கப்பட்டவர் இருமுறையும் விமர்சகரே. அச்சத்தின் அளவு வேறு.

திருத்தப்பட்ட தீர்ப்புகள்

விமர்சகர் தீர்ப்பு பிழைபடக்கூடியது என்பதற்கு இதழ்களின் திருத்தங்களே சான்று. லெட் செப்பெலின் குழுவின் முதல் இசைத்தொகுப்பை 1969இல் இகழ்ந்த ரோலிங் ஸ்டோன், 2003இல் வெளியிட்ட 500 சிறந்த இசைத்தொகுப்புகளின் பட்டியலில் அதனை 29ஆம் இடத்தில் வைத்தது. அப்பட்டியலின் முதல் பத்தில் பீட்டில்ஸின் ஆக்கங்கள் நான்கு இருந்தன. 2020இல் புதுக்கியபோது ஒன்றே எஞ்சியது. முதலிடம் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆக்கத்துக்கும் மூன்றாமிடம் ஜோனி மிட்செலின் ‘புளூ’வுக்கும் உரியதாயின. பிட்ச்ஃபோர்க் 2021இல் 19 இசைத்தொகுப்புகளின் மதிப்பெண்ணை மாற்றியது. லிஸ் ஃபேரின் 0.0 என்பது 6.0 ஆயிற்று, டாஃப்ட் பங்கின் ‘டிஸ்கவரி’ 6.4இலிருந்து 10 ஆயிற்று.

இத்திருத்தங்களைக் கொண்டு இரசிகரே எப்போதும் சரி என முடிவு செய்தல் பொருந்தாது. பிட்ச்ஃபோர்க்கின் அதே பட்டியலில் இன்டர்போல் குழுவின் முதல் ஆக்கம் 9.5இலிருந்து 7.0க்குக் குறைந்தது. பெருவிருப்பும் காலப்போக்கில் திருத்தம் பெறும் என்பதையே இது காட்டுகிறது. எண் திருத்தப்பட்ட இடங்களில் உண்மையில் மாறியது கேட்கும் முறை, இசை மாறவில்லை. அம்மாற்றத்தை ஏற்படுத்தியவை மிரட்டல்களல்ல. சன்னே, வில்சன் போன்றோரின் காரணத்தோடு கூடிய வாதங்களே.

முடிவுரை

ஃபன்டானோவின் பாப் இசைச் சுவை குறித்த இரசிகர் விவாதம் ஐம்பதாண்டுக்கும் மேற்பட்ட வழக்கின் தொடர்ச்சியாகும். அவ்விவாதத்துள் விமர்சகரின் தகுதியை வினவும் பகுதி நியாயமானது, விமர்சனத்தை வளர்ப்பது. எண்களை ஒப்பிடும் பகுதி பெரும்பாலும் பயனற்றது. இகழ்ச்சியை அவமதிப்பாகக் கொள்ளும் பகுதி, சமூக உண்மையொன்றில் தொடங்கி விமர்சகரை வாய்மூடச் செய்வதில் முடிகிறது.

இவ்வேறுபாட்டின் தேவை இன்று மிகுந்துள்ளது. கிரிஸ்ட்கௌ 2006இல் வில்லேஜ் வாய்ஸிலிருந்து நீக்கப்பட்டார். பிட்ச்ஃபோர்க் 2024 ஜனவரியில் அதன் உரிமையாளரான காண்டே நாஸ்ட் நிறுவனத்தால் ஆடவர் இதழான ‘ஜிக்யூ’வின் கீழ்க் கொணரப்பட்டது, ஊழியர் பலர் வேலையிழந்தனர். நிறுவனப் பாதுகாப்புடைய விமர்சகர் குறைந்து, கேமராவின்முன் தனித்து நிற்கும் விமர்சகரே எஞ்சும் நிலையில், அவரோடு முரண்படும் முறையும் இரசிகர் கையிலேயே உள்ளது. 2010இல் வழங்கப்பட்ட ‘ஆறு’ என்னும் எண்ணைப் பலரும் அறிவர். அதற்கு ஃபன்டானோ கூறிய காரணங்களை எடுத்து மறுப்போர் சிலரே. அம்மறுப்பு நிகழும் இடத்திலேயே சுவை பற்றிய வழக்கு விமர்சனமாகிறது.