பைபிளில் எழுதிய சத்தியமும் பலிக்கவில்லை

"இனிமேல் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்யாத குடிகாரரைக் காண்பது அரிது. பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர்கள் உண்டு. கோயிலில் சூடம் அணைத்தவர்கள் உண்டு. நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் என்பவர், குடும்பப் பைபிளிலேயே எழுதிக் கொடுத்தார். குடியை விட்டுவிட்டதாகத் தம் மனைவி லோயிஸுக்கு 1928ஆம் ஆண்டு தொடங்கிப் பல முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் மனமார எழுதினார். ஒவ்வொரு முறையும் மீண்டும் குடித்தார்.

இதே பில் வில்சன்தான், பிற்காலத்தில் உலகெங்கும் குடிநோயாளிகளைக் கரையேற்றிய ஓர் இயக்கத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவர். பைபிளில் எழுதியும் மாறாதவர் எப்படி மாறினார்? மனம் மாற விரும்புகிற எவருக்கும் அந்த வரலாற்றில் பாடம் இருக்கிறது.

நண்பர் கொண்டு வந்த செய்தி

ரோலண்ட் ஹசார்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் குடியிலிருந்து மீள, சுவிட்சர்லாந்து சென்று புகழ்பெற்ற மனநல மருத்துவர் கார்ல் யுங்கிடம் சிகிச்சை பெற்றார். குணமாகி வந்தவர் மீண்டும் குடித்தார். மருத்துவத்தால் இனி ஆவதற்கில்லை, ஆழ்ந்த ஆன்மிக மாற்றம் ஒன்றே வழி என்று யுங் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஹசார்ட் அந்த மாற்றத்தை 'ஆக்ஸ்போர்டு குழு' என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் கண்டார்.

பிராங்க் புக்மன் என்ற அமெரிக்க லூத்தரன் போதகர் தொடங்கிய இயக்கம் அது. நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு ஆகிய நான்கும் அதன் அளவுகோல்கள். தன் குற்றத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கு செய்தவரிடம் போய் ஈடு செய்வது, அதிகாலை அமைதியில் இறைவனின் வழிகாட்டலை நாடுவது ஆகியவை அதன் பழக்கங்கள்.

குடியினால் மனநல விடுதிக்கு அனுப்பப்படவிருந்த எபி தாச்சர் என்பவரை ஹசார்டும் நண்பர்களும் மீட்டனர். எபி, பில்லின் இளமைக்கால நண்பர், குடித்தோழரும்கூட. 1934 நவம்பர் இறுதியில் அவர் புரூக்ளினில் இருந்த பில்லின் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் மது காத்திருந்தது. எபி அதைத் தொடவில்லை. தாம் இறைவனை நம்பத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். பில்லுக்கு மத நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தம்மைப் போலவே சீரழிந்த ஒருவன் தெளிந்த முகத்துடன் எதிரே உட்கார்ந்திருப்பதை அவரால் மறுக்க முடியவில்லை.

அதே டிசம்பரில் பில், நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் மீண்டும் சேர்ந்தார். குடி என்பது ஒழுக்கக்கேடு மட்டுமன்று, உடலையும் மனத்தையும் பிடிக்கும் நோய் என்று டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் அவருக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். மிகுந்த மனச்சோர்வில் பில் இறைவனை நோக்கிக் கதறினார். அறை ஒளியால் நிறைந்தது போலவும், பெரும் அமைதி தம்மைச் சூழ்ந்தது போலவும் உணர்ந்தார். அதன்பின் 1971இல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை.

பிரசங்கம் செய்து பலனில்லை

அடுத்த சில மாதங்கள், கண்ணில் பட்ட குடிகாரர்களிடமெல்லாம் பில் தம் அனுபவத்தைப் பிரசங்கம் செய்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. மனம் தளர்ந்தவரிடம் லோயிஸ் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார்: மற்றவர்கள் திருந்தாவிட்டாலும் பில் குடிக்காமல் இருக்கிறாரே! உபதேசத்தைக் குறைத்துக்கொண்டு, நோயின் தன்மையை முதலில் சொல்லும்படி சில்க்வொர்த்தும் அறிவுரை கூறினார்.

1935 மே மாதம், ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகருக்குப் போன பில்லுக்கு அங்கே தொழிலில் தோல்வி. மேபிளவர் ஹோட்டலில் தனியாக நின்றவரின் காதில் மதுக்கூடத்தின் சிரிப்பொலி விழுந்தது. அன்று அவர் தேடியது தேவாலயங்களின் தொலைபேசி எண்களை. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். ஆக்ஸ்போர்டு குழுவைச் சேர்ந்த ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி, டாக்டர் பாப் ஸ்மித்தை அறிமுகம் செய்து வைத்தார்.

டாக்டர் பாப் ஓர் அறுவை மருத்துவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஆக்ஸ்போர்டு குழுவின் கூட்டங்களுக்குப் போனவர், ஜெபித்தவர், பைபிள் படித்தவர். இருந்தும் குடி நிற்கவில்லை. 15 நிமிடம் மட்டும் பேசுவதாகச் சொல்லி வந்தவர், ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். தம் நோயைத் தாமே அனுபவித்த ஒருவர், தமக்கு உதவி செய்யுமாறு கேட்டு வந்திருந்தது அவருக்குப் புதிது.

இடையில் ஒரு முறை சறுக்கினார். 1935 ஜூன் 10ஆம் தேதியை அவர் கடைசியாகக் குடித்த நாளாகவும், 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பிறந்த நாளாகவும் கொண்டாடுகின்றனர். பெயரை வெளியிடாத குடிநோயாளர்கள் என்பது அதன் பொருள். அன்று அறுவைச் சிகிச்சையை முடித்த டாக்டர் பாப் உடனே வீடு திரும்பவில்லை. யார் முகத்தில் விழிக்க அஞ்சினாரோ அவர்களைத் தேடிப் போய், தம் தவற்றை ஒப்புக்கொண்டு சரிசெய்ய முன்வந்தார்.

பன்னிரண்டு படிகள்

1938 டிசம்பரில் பில் பன்னிரண்டு படிகளை எழுதினார். 1939இல் அவை நூலாக வெளிவந்தன. தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது, வாழ்வை இறைவனிடம் ஒப்படைக்க முடிவு செய்வது, குறைகளைப் பட்டியலிட்டு இன்னொருவரிடம் சொல்வது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது, ஜெபம், பிறருக்கு உதவுவது என அவை செல்கின்றன. மலைப்பிரசங்கம், யாக்கோபின் நிருபம், 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் ஆகியவற்றையே தொடக்க காலத்தில் பெரிதும் சார்ந்திருந்ததாக டாக்டர் பாப் கூறியிருக்கிறார்.

கிறிஸ்துவின் பெயரை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சிலரும், கடவுளே வேண்டாம் என்று சிலரும் வாதிட்டனர். முடிவில், அவரவர் புரிந்துகொண்டபடியான இறைவன் என்ற சொல்லாட்சி ஏற்கப்பட்டது. பிற சமயத்தவரும் நுழைய அது கதவைத் திறந்தது. மலேசியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் இந்த இயக்கம் வேரூன்றியது. கிறிஸ்தவ அடித்தளத்தை வெளிப்படையாகக் கொண்ட 'செலிபிரேட் ரெக்கவரி' திட்டம், 1991இல் கலிபோர்னியாவின் சாடில்பேக் தேவாலயத்தில் தொடங்கியது.

27 ஆய்வுகளை அலசிய 2020ஆம் ஆண்டின் காக்ரன் மதிப்பாய்வு, குடியை முழுமையாக நிறுத்தி வைப்பதில் இந்த வழிமுறை மற்ற சிகிச்சைகளை விடக் கூடுதல் பலன் தரக்கூடும் என்று காட்டியது.

விழுந்தவரும் உண்டு

பில்லுக்கு வழி காட்டிய எபியே பின்னாளில் பல முறை குடிக்குத் திரும்பினார். ஆனாலும் பில் அவரைக் கைவிடவில்லை. கடைசிவரை தம் வழிகாட்டி என்றே மதித்தார். டாக்டர் பாப், கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி இக்னேஷியாவுடன் சேர்ந்து, அக்ரனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஏறக்குறைய 5,000 குடிநோயாளிகளைக் கவனித்தார். அதற்கு அவர் கட்டணம் வாங்கவில்லை. 1950இல் இறந்தார்.

பைபிளில் எழுதியபோது பில் பொய் சொல்லவில்லை. தனியாக நின்று எழுதினார், அதுதான் குறை. டாக்டர் பாப் நம்பிக்கை இல்லாமல் ஜெபிக்கவில்லை. தம் நோயை அறிந்த துணை ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. இன்று குடியை விடுவதாகச் சத்தியம் செய்பவர், மருத்துவரைப் பார்க்கட்டும், இறைவனை வேண்டட்டும். அத்துடன், நாளை மாலை ஆசை எழும்போது யாரைத் தொலைபேசியில் கூப்பிடப் போகிறோம் என்பதையும் இன்றே முடிவு செய்துகொள்ளட்டும்.